1961 இறுதி ஆட்டத்துக்குப் போட்ட நட்சத்திரக் குறி

அனுப்புநர்:
ரோவீனா டீட்ஸ்,
(வயது 80, ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர்)
வடக்கு ரயில் தெரு,
டால்மர்.

பெறுநர்:
உயர்திரு செயல் இயக்குநர் அவர்கள்,
மாநில உயர்நிலைப்பள்ளி விளையாட்டுச் சங்கம்.

பொருள்: மாநில உயர்நிலைப்பள்ளி பேஸ்பால் போட்டி – நூற்றாண்டு மலர், வெண்கலப் பலகை – 1961 இலையுதிர்காலச் சாம்பியன் பட்டத்தை டால்மர், ரிட்லி ஆகிய இரு பள்ளிகளுக்கும் பங்கு போட்டிருப்பதையும், "ஸ்கோர் எழுதியவரின் பிழை" என்ற அடிக்குறிப்பையும் நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. நூற்றாண்டு மலரின் அச்சுப்படி, பக்கம் 47.
2. சங்க அலுவலகத்துடன் தொலைபேசி உரையாடல், மே 19.
3. ரிட்லி, திரு. வெண்டல் பிரைஸ் அவர்களின் கடிதம் (இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய செயல் இயக்குநர் அவர்களுக்கு,

1. மேற்படி மலரின் 47-ஆம் பக்கத்து அடிக்குறிப்பில் "ஸ்கோர் எழுதியவர்" என்று பெயரில்லாமல் சுட்டப்படும் நபர் நான்தான். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். என்னைக் கேட்டிருக்கலாம். தொலைபேசிப் புத்தகத்தில் டால்மர் ஊருக்கு மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான்.

2. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல மட்டும் இந்த மனுவை எழுதவில்லை. மலரின் அச்சுப்படி பழைய அணிகளின் பார்வைக்காக அனுப்பப்பட்டது. அதை மூன்று முறை வாசித்தேன். நூறு ஆண்டுப் போட்டியின் வரலாறு ஒரே இடத்தில் இவ்வளவு அழகாக வந்ததில்லை. முதல் போட்டியில் மைதானத்துக்கு வேலி இல்லாததால் பந்து பக்கத்துத் தோட்டத்துப் பூசணிகளுக்குள் போனதும், ஒரே நாளில் காலை அரையிறுதியும் பிற்பகல் இறுதியும் எறிந்த பையனின் கதையும், பனி விழுந்து பந்துக்குச் சிவப்புச் சாயம் பூசி ஆடிய வருடமும் படித்து மகிழ்ந்தேன். 1938 அணியின் படம் மட்டும் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அதில் பன்னிரண்டு பேரும் இடது கையில் எறிகிறார்கள். நேரம் இருந்தால் அதையும் சரிசெய்யவும்.

3. இலையுதிர்காலப் போட்டிக்கு மலரில் ஒரே ஒரு பத்தி. அது போதாது என்பது என் எண்ணம். கால்பந்து அணி சேர்க்கப் பையன்கள் போதாத பள்ளிகள்தான் செப்டம்பர், அக்டோபரில் பேஸ்பால் ஆடின. 1961-இல் டால்மர் உயர்நிலைப்பள்ளியின் நான்கு வகுப்புகளிலும் சேர்த்து 31 பேர் படித்தோம். அதில் பையன்கள் 14. அணியில் 11. மீதி மூவரில் ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தது, ஒருவனுக்கு மாலையில் பால் கறக்கும் வேலை, ஒருவனுக்கு பியானோ. அப்படிப்பட்ட பள்ளி அறுபத்துமூன்று பள்ளிகள் கலந்துகொண்ட போட்டியில் கடைசிவரை போய் ஜெயித்தது. பாதி ஜெயிக்கவில்லை. முழுசாக ஜெயித்தது.

4. டால்மர் பள்ளி 1964-இல் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்பட்டது. கட்டடம் இப்போது விதைக் கிடங்கு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, விதைக்கும் ஓர் இடம் வேண்டும்தானே. ஆனால் டால்மர் என்ற பெயர் இனிமேல் எந்தக் கோப்பையிலும் ஏறப் போவதில்லை. ஜூலையில் நீங்கள் மைதான வாசலில் வைக்கப்போகும் வெண்கலப் பலகை ஒன்றுதான் மிச்சம். அதில் எங்கள் பெயர் ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு தடவைக்குப் பக்கத்தில்தான் ஐயா, அடிக்குறிப்பு நட்சத்திரத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

5. அடிக்குறிப்பின் வாசகம்: "டால்மர் 4, ரிட்லி 3 என அறிவிக்கப்பட்டது. ஸ்கோர் எழுதியவரின் பிழையால் ரிட்லியின் ஒரு மட்டையாளரின் முறை விடுபட்டுள்ளது; ஓர் ஓட்டமும் விடுபட்டிருக்கலாம். ஆகவே கூட்டுச் சாம்பியன்கள்." இதைப் படித்ததும் உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தேன். பேசிய இளைஞர் மிகவும் மரியாதையாகவே பேசினார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் எண்ணமும் இல்லை. நூறு வருடத்து ஸ்கோர் புத்தகங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"மேடம், ரிட்லியோட அஞ்சாவது ஆள் ரெண்டு தடவைதான் ஆடியிருக்காரு. அவருக்கு முன்னாடி இருக்கறவரு மூணு தடவை, பின்னாடி இருக்கறவரும் மூணு தடவை. அப்படி நடக்கவே முடியாது மேடம். கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது" என்றார்.

"அன்னிக்கு கம்ப்யூட்டர் மைதானத்துல இருந்துச்சாப்பா?" என்று கேட்டேன். சிரித்தார். அப்புறம் மலர் ஏற்கெனவே அச்சகம் போய்விட்டது என்றார்.

6. அப்படி நடக்க முடியும். நடந்தது. ரிட்லியின் மட்டையாளர் ஒருவர் தன் முறை வருமுன் ஆட வந்தார். நான் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதினேன். புத்தகம் சரி.

7. விதி தங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த மனு குழுவில் பல கைகள் மாறும் என்பதால் எழுதுகிறேன். ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளும் ஒன்பது பேரின் மட்டை வரிசையைக் கொடுக்க வேண்டும். கடைசிவரை அதே வரிசையில்தான் ஆட வேண்டும். யாராவது முறை மாறி வந்து ஆடிவிட்டால், எதிரணி அதைக் கவனித்து, அடுத்த மட்டையாளருக்கு முதல் பந்து எறியப்படுமுன் நடுவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால், முறைப்படி வந்திருக்க வேண்டியவர் அவுட், அந்த அடியில் வந்த ஓட்டங்களும் செல்லாது. சொல்லாமல் அடுத்த பந்து போய்விட்டால் நடந்தது நடந்ததுதான், அதை யாரும் மாற்ற முடியாது. நடுவருக்குத் தெரிந்தாலும் அவர் சொல்லக்கூடாது. அதிகாரபூர்வ ஸ்கோர் எழுதுபவருக்குத் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. யாரிடமும். தன் அணியிடமும்.

8. அன்றைய வழக்கப்படி சொந்த மைதான அணியாக ஆடும் பள்ளியின் புத்தகம்தான் அதிகாரபூர்வப் புத்தகம். இறுதி ஆட்டம் பொது மைதானத்தில் நடந்ததால் நாணயம் சுண்டினார்கள். டால்மருக்கு விழுந்தது. அந்த நொடியில் நான் டால்மர் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவி என்பது போய், போட்டியின் அதிகாரி ஆனேன். பதினாறு வயது. அக்காலத்தில் பெண்களுக்கு அணி கிடையாது. அதனால் நான் விதிப் புத்தகத்தை முந்தைய குளிர்காலத்தில் இரண்டு முறை முழுக்கப் படித்திருந்தேன். மைதானத்தில் நின்ற பதினெட்டுப் பேரில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று துணிந்து சொல்வேன்.

9. நடந்தது வருமாறு. எங்கள் பிட்சர், அதாவது பந்து எறிபவர், மெர்ல் டீட்ஸ், என் சொந்த அண்ணன், ஒரு வயது மூத்தவர், இடது கைக்காரர். இடது கை பிட்சரை இடது கை மட்டையாளர்கள் ஆடுவது கஷ்டம். ஆகவே ரிட்லி பயிற்சியாளர் அன்று காலை வரிசையை மாற்றினார். அந்தப் பருவம் முழுக்க ஐந்தாவதாக ஆடிய வெண்டல் பிரைஸ் இடது கைக்காரர். அவரை ஆறாவதாக இறக்கி, டெல்பர்ட் ஆம்ஸ் என்பவரை ஐந்தாவதாக ஏற்றினார். முதல் இரண்டு சுற்றிலும் பயிற்சியாளரே பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அனுப்பினார். ஒழுங்காகவே நடந்தது.

10. ஆறாவது இன்னிங்சில் டால்மர் 2, ரிட்லி 1. ரிட்லி ஆடுகிறது, இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு அவர்கள் முறை முடியும். இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆள். இரண்டாவது அவுட் சரியில்லை என்று ரிட்லி பயிற்சியாளர் நடுவரிடம் சண்டைக்குப் போயிருந்தார். தூறல், குளிர், எல்லோருக்கும் பல் கிட்டிக்கொண்டிருந்தது. பெயர் கூப்பிட ஆள் இல்லை. நான்காவது ஆள் ஆடி முடித்தால் அடுத்தது நான் என்று இரண்டு மாதப் பழக்கத்தில் வெண்டல் பிரைஸ் மட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். டெல்பர்ட் ஆம்ஸும் அதே பழக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏமாற்று வேலை இல்லை ஐயா. காலை நான்கு மணிக்கு எழுந்து தொழுவத்துக்குப் போகும் பையன்களுக்குக் கால் போகும் வழியில் உடம்பு போகும், அவ்வளவுதான்.

11. வெண்டல் அடித்தார். நல்ல அடி. பந்து வலது பக்கப் புல்லில் போய் விழுந்தது, தளங்களில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து ஓட்டம் எடுத்தார்கள். ரிட்லி 3, டால்மர் 2.

12. இனி எழுதப் போவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. வெண்டல் முதல் தளத்தில் நிற்கிறார். அடுத்து ஏழாவது ஆள் மெதுவாக வருகிறார். என் அண்ணன் பந்தைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எறியவில்லை. திரும்பி என் மேஜையைப் பார்த்தார். அடுத்து யார் வருகிறார்கள் என்று தெரியவேண்டுமானால் அவர் எப்போதும் என்னைத்தான் பார்ப்பார், அது வழக்கம். முகமெல்லாம் மழை. அழுதாரோ என்னவோ. அந்த நேரத்தில் நான் விரலை நீட்டிப் புத்தகத்தின் ஐந்தாவது வரியைத் தட்டியிருந்தால் போதும். அவர் புரிந்துகொண்டிருப்பார். இரண்டு ஓட்டமும் போயிருக்கும், இன்னிங்ஸ் முடிந்திருக்கும், நாங்கள் மறுபடியும் முன்னால் போயிருப்போம்.

13. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆறாவது ஆளின் வரியில், அவர் அடித்த அடியைக் குறித்தேன். ஐந்தாவது ஆளின் வரியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிட்லி ஸ்கோர் எழுதுபவர் கையுறையைக் கழற்றி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை. அண்ணன் எறிந்தார். அடுத்த பந்து போய்விட்டது. நடந்தது நடந்ததாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை, அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளைப் பெற்றிருக்கிறேன்.

14. பள்ளி ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ்தான் கடைசி. அதன் இரண்டாம் பாதி. டால்மருக்கு இரண்டு பேர் அவுட், இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆள். ஆட வந்தது யூஜின் பாக். மூன்று வாரமாக ஒரு அடியும் அடிக்காதவர். அவருக்குப் பதில் வேறு யாரையும் அனுப்பவும் முடியாது. மாற்று ஆட்கள் இரண்டு பேரில் ஒருவர் அம்மை போட்டு வீட்டில் இருந்தார், இன்னொருவர் யூஜினைவிட மோசம். எங்கள் பெஞ்சிலிருந்து யாரோ, "யூஜின், கண்ணத் தொறந்துகிட்டு அடிடா!" என்று கத்தினார்கள். ரிட்லிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். யூஜின் கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, அடித்தார். பந்து இரண்டாம் தளக்காரரின் தலைக்கு மேலே ஏறி யாருக்கும் எட்டாத இடத்தில் விழுந்தது. இரண்டு பேர் வந்தார்கள். டால்மர் 4, ரிட்லி 3. அதை நான் எழுதும்போது பென்சில் முனை உடைந்துவிட்டது. புத்தகத்தில் அந்த இடத்தில் இன்னும் கறுப்பாக ஒரு குத்து இருக்கிறது, தங்கள் அலுவலகத்தார் பார்க்கலாம்.

15. என் தரப்புக் குறை ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஓரத்தில் "ஆறாவது ஆள் முறை மாறி ஆடினார், முறையீடு இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள், புத்தகத்தை நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நானும் ஓடினேன். ரிட்லி மாதா கோயில் பெண்கள் தோற்ற வருத்தத்தையும் பார்க்காமல் எங்களுக்கும் பீன்ஸ் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் கொடுத்தார்கள். அப்புறம் பஸ். மறுவாரம் முழுக்கச் சோள அறுவடைக்காகப் பள்ளி மூடல். திங்கட்கிழமை வயலுக்குப் போகிற வழியில் புத்தகத்தைத் தபாலில் போட்டேன். பார்க்கிறவர்களுக்குத் தானே புரியும் என்று நினைத்துவிட்டேன். அறுபத்துநான்கு வருடம் கழித்துப் பார்ப்பவரைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

16. எங்கள் பயிற்சியாளர் ஐவர் நெல்ஸ்டட் அவர்களுக்குத் திரும்பும் வழியிலேயே தெரிந்துவிட்டது. பஸ்ஸையும் அவர்தான் ஓட்டுவார். பெட்ரோல் போட நிறுத்தியபோது சராசரி கணக்குப் பார்க்கப் புத்தகத்தை வாங்கினார். ஒரு வரியில் விரலை வைத்தார். அப்புறம் எல்லோர் காதிலும் விழும்படியே கேட்டார்.

"ரோவீனா, இந்த அஞ்சாவது கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"அவன் ஆட வரல சார்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டு வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தியா?"

"விதி அப்படித்தான் சார் இருக்கு."

அவர் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "ஆமா. அப்படித்தான் இருக்கு" என்றார். பஸ்ஸைக் கிளப்பினார். அவ்வளவுதான். ஆனால் என் அண்ணன் மெர்ல் என்னோடு பதினொரு நாள் பேசவில்லை. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் சொல்லி என்னிடமிருந்து வாங்குவார். ஊரில் தானியக் கிடங்குக் கடையில் என்னை "பூட்டு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "பூட்டு, ஒரு காப்பி போடட்டா? இல்ல அதையும் சொல்லக்கூடாதா?" என்பார் கடைக்காரர். ஜெயித்ததால் கேலி. தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன், நினைக்க முடியாது.

17. இப்போது கணக்கு. ஆட வரும் ஒவ்வொருவரும் ஒன்று அவுட் ஆக வேண்டும், அல்லது ஓட்டம் எடுக்க வேண்டும், அல்லது தளத்தில் நின்றுபோக வேண்டும். நான்காவது வழி கிடையாது. என் புத்தகப்படி ரிட்லிக்காரர்கள் மொத்தம் 27 தடவை ஆட வந்தார்கள். 21 அவுட், 3 ஓட்டம், 3 பேர் தளத்தில் நின்றவர்கள். கூட்டினால் 27. ஸ்கோர் எழுதும் எல்லோரும் இரவு தூங்குமுன் போட்டுப் பார்க்கும் கூட்டல் இது. கம்ப்யூட்டர் இதைப் போட்டுப் பார்த்ததா என்று தெரியவில்லை. ஒரு ஆளையும் ஓர் ஓட்டத்தையும் சேர்த்தே விட்டிருந்தால் கணக்கு அப்போதும் சரியாக வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்: எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தில் தங்களுக்கு வந்த ஓர் ஓட்டத்தை ரிட்லி ஊரார் சும்மா விட்டுவிட்டுப் போகும் ரகம் அல்ல. அவர்கள் ஆற்றங்கரைக்காரர்கள்.

18. இருந்தாலும் என் வார்த்தையை மட்டும் நம்பச் சொல்லவில்லை. ரிட்லியின் புத்தகம் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டது. ஆகவே ஆளைத் தேடினேன். வெண்டல் பிரைஸ் அவர்களுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருடம் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். போனில் என் பெயரைச் சொன்னதும், "யாரு, டால்மர் பொண்ணா? தொப்பிய காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு எழுதிக்கிட்டே இருந்தியே, நீதானே அம்மா?" என்றார். நான் விஷயத்துக்கு வருமுன் அவரே சொன்னார்:

"நான்தான் முறை மாறிப் போனேன். முதல் தளத்துல போயி நின்னு திரும்பிப் பாத்தா டெல்பர்ட் கையில மட்டைய வெச்சுக்கிட்டு என்னயே பாத்துக்கிட்டு நிக்கறான். அப்பதான் உறைச்சுது. வாயத் தொறக்கல. அவனும் தொறக்கல, பேசாம ஏழாவது ஆள அனுப்பிட்டான். எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்னு இத்தன வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேனே! நீயும் பாத்துட்டியா?"

"பாத்தேன்" என்றேன்.

"பாத்துட்டும் உங்க ஆளுங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்லக்கூடாதே."

"அடி ஆத்தாடி" என்றார்.

19. அவருடைய கடிதத்தை அப்படியே இணைத்திருக்கிறேன். ரிட்லி அணியில் மிச்சம் இருக்கும் நால்வரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டெல்பர்ட் ஆம்ஸ் காலமாகிவிட்டார். கடிதத்தின் இரண்டாம் பத்தியை இங்கேயே எடுத்தெழுதுகிறேன், ஏனென்றால் இணைப்புகளை யாரும் படிப்பதில்லை என்று அஞ்சலகத்தில் இருந்த எனக்குத் தெரியும்: "எங்களுக்குப் பாதிக் கோப்பை வேண்டாம். நாங்க தோத்தோம். நல்லா ஆடித் தோத்தோம். யூஜின் பாக் மாதிரி ஒரு ஆள் கையால தோத்தத எங்க பேரப்பிள்ளைங்ககிட்ட இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தத் தோல்வி எங்களோடது. அத எங்ககிட்டேர்ந்து பிடுங்கிடாதீங்க."

20. ஜூலை விழாவுக்கு டால்மர் அணியில் உயிரோடிருக்கும் ஐவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. பலகையில் நட்சத்திரம் இருந்தால் ஐவரும் வரப்போவதில்லை. மெர்ல் அண்ணன் அழைப்பைத் திருப்பி அனுப்பக் கவர்கூட வாங்கிவிட்டார். "ஊமையா இருந்தவளப் போயி தப்பா எழுதினவன்னு சொல்றானுங்களே, அங்க போயி நான் எதுக்குக் கை தட்டணும்?" என்கிறார். நான்தான் கவரை வாங்கி மேஜைக்குள் வைத்திருக்கிறேன். அவர்கள் அந்த மைதானத்தில் இன்னொரு தடவை கால் வைக்க வேண்டும், ரிட்லிக்காரர்களோடு கை குலுக்க வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த பத்தாண்டு விழாவுக்கு இவர்களில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

21. பலகை ஜூன் 20-ஆம் தேதி வார்ப்படத்துக்குப் போகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வெண்கலத்தை அழித்தெழுத முடியாது. எனவே அதற்கு முன்பாகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

அ) 1961 இலையுதிர்காலச் சாம்பியன் டால்மர் என்று மட்டும் பலகையில் இருக்கட்டும். நட்சத்திரம் வேண்டாம்.

ஆ) மலரின் பக்கம் 47-இல் "ஸ்கோர் எழுதியவரின் பிழை" என்பதை எடுத்துவிட்டு, "ரிட்லியின் ஆறாவது மட்டையாளர் முறை மாறி ஆடினார்; டால்மர் முறையிடவில்லை; ஆட்டம் செல்லும்" என்று அச்சிடவும். அந்த ஒரு வரியை அன்று நான் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதித் தருகிறேன். அச்சகம் கூடுதல் தாள் ஒட்டினாலும் சரி.

இ) கம்ப்யூட்டரில், மேலே சொன்ன இளைஞர் அந்தக் காலிக் கட்டத்தைக் காலியாகவே வைக்கட்டும். அது காலியாக இருப்பதுதான் உண்மை. எப்படி ஏற்றுவது என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், பிற்பகலில் வீட்டில்தான் இருப்பேன்.

22. என் பெயரைப் பலகையில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஸ்கோர் எழுதுபவர் பெயர் எந்தப் பலகையிலும் வருவதில்லை, அதுவும் சரிதான். ஆனால் என் பெயரில்லாமல் என் பழியை மட்டும் போடக்கூடாது. நூறு வருடத்தில் எத்தனையோ பையன்கள் அந்த மைதானத்தில் அடித்தார்கள், ஓடினார்கள், அவர்களெல்லாம் பெரியவர்கள். நான் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் பெருமை உண்டு, அதை இந்த வயதில் வெளியில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உடன் ஆவன செய்து, ஜூன் 20-க்குள் ஒரு வரி பதில் எழுதுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இணைப்பு: வெண்டல் பிரைஸ் கடிதம், நால்வர் கையொப்பத்துடன், அன்றைய ரிட்லி மட்டை வரிசைத் தாள் (எங்கள் பயிற்சியாளரின் கோட்டுப் பையில் நனைந்து காய்ந்தது, அவர் மகள் கொடுத்தார்), ஸ்கோர் புத்தகத்தின் நகல்.

இடம்: டால்மர்
நாள்: 3 ஜூன் 2025

(ஒப்பம்)
ரோவீனா டீட்ஸ்
அதிகாரபூர்வ ஸ்கோர் எழுதுபவர்,
1961 இலையுதிர்கால இறுதி ஆட்டம்

பி.கு.: மெர்ல் டீட்ஸ் அவர்களிடம் சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் கேட்டேன். கீழே அவர் கையால் தானாகவே எழுதியிருக்கிறார். நான் அதில் கை வைக்கவில்லை.

சாட்சி:
மேல எழுதியிருக்கறதெல்லாம் படிச்சேன். எல்லாம் சரி. அன்னிக்குப் பந்து எறிஞ்சவன் நான். நான் திரும்பிப் பாத்தப்ப இவ தலையக் குனிஞ்சுகிட்டா. பதினோரு நாள் இவகூடப் பேசல, அதுக்கு இன்னும் மன்னிப்பு கேக்கல, இதுலயே கேட்டுக்கறேன். அன்னிக்கு இவ வாயத் தொறந்திருந்தா நாங்க ஒரு தாளக் காட்டி ஜெயிச்சிருப்போம். இவ தொறக்கல. அதனால மட்டையால ஜெயிச்சோம்.

(ஒப்பம்) மெர்ல் டீட்ஸ், பிட்சர்